குறைந்த கரண்ட், குறைந்த சூடு: பழைய டவருக்குப் பதில் எதை வாங்கலாம்?

உங்கள் கேள்வியை மற்றவர்களுக்காகச் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். வேலூரில் வீட்டு முன்னறையில் டிடிபி வேலையும் ஆன்லைன் விண்ணப்பங்களும் செய்கிறீர்கள். கணினி 2012-ல் வாங்கிய, ஐ5-3470 புராசஸர் போட்ட டவர். அதில் ஒரு பழைய கிராபிக்ஸ் கார்டு, ஒரு ஹார்ட் டிஸ்க், 450 வாட் எஸ்எம்பிஎஸ் (வீட்டு மின்சாரத்தைக் கணினிக்கு ஏற்றபடி மாற்றித் தரும் பெட்டி). கூடவே 19 அங்குல பழைய எல்சிடி மானிட்டர். மேலே மொட்டை மாடி. கோடையில் அறையில் உட்கார முடியவில்லை. கரண்ட் போனால் யுபிஎஸ் பத்து நிமிடம்கூடத் தாங்குவதில்லை. கடைக்காரர் ஐ5-12400 புராசஸரும் 550 வாட் எஸ்எம்பிஎஸ்ஸும் போட்டு அசெம்பிள் செய்து தருகிறேன் என்கிறார். சூடும் கரண்டும் இதைவிடக் குறைவாக இருக்கும்படி வேறு வழி உண்டா என்று கேட்டிருக்கிறீர்கள்.

உண்டு. உங்கள் வேலைக்கு நான் சொல்வது, அலுவலகங்களில் பயன்படுத்திக் கழித்துவிட்ட சின்னப் பெட்டிக் கணினி. டெல் ஆப்டிபிளக்ஸ் மைக்ரோ, ஹெச்பி எலைட்டெஸ்க் மினி, லெனோவோ திங்க்சென்டர் டைனி என்று மூன்று நிறுவனங்களும் ஏறக்குறைய ஒரே அளவில் செய்தவை இவை. மொத்தப் பெட்டியும் சுமார் ஒரு லிட்டர் கொள்ளளவுதான். அதில் ஐ5-8500டி அல்லது ஐ5-10500டி புராசஸர், 16 ஜிபி ராம், ஒரு எஸ்எஸ்டி (சுழலும் தட்டு இல்லாத சேமிப்பகம்) இருந்தால் போதும். ஏன் இது, ஏன் மற்றவை இல்லை என்பதைச் சொல்ல முதலில் சூட்டைப் பற்றிக் கொஞ்சம் பேச வேண்டும். கணினி வாங்குகிறவர்களில் பெரும்பாலோர் குழம்புவது அங்கேதான்.

கணினிக்குள் போகும் கரண்ட் முழுவதும் கடைசியில் சூடாகத்தான் வெளியே வருகிறது. 100 வாட் இழுக்கும் கணினி 100 வாட் ஹீட்டர்தான். மானிட்டரின் வெளிச்சம்கூடச் சுவரில் பட்டுச் சூடாகத்தான் முடியும். சும்மா உட்கார்ந்திருக்கும் ஒரு மனித உடல் வெளியிடும் வெப்பமும் ஏறக்குறைய 100 வாட். ஆக, உங்கள் மேசைக்கடியில் நாள் முழுக்க இன்னொரு ஆள் உட்கார்ந்திருக்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இதனால்தான் பெட்டிக்குள் இன்னும் இரண்டு ஃபேன் மாட்டுவதால் அறைச் சூடு குறையாது. ஃபேன் செய்வது சூட்டைப் பெட்டியிலிருந்து அறைக்குத் தள்ளுவது மட்டுமே. அதேபோல, ‘சின்னப் பெட்டியில் புராசஸர் 80 டிகிரி காட்டுகிறதே, டவரில் 50 டிகிரிதானே இருந்தது’ என்று பயப்படவும் வேண்டாம். அந்தச் சின்னப் பெட்டி 15 வாட் இழுத்துக்கொண்டு 80 டிகிரி காட்டலாம். டவர் 80 வாட் இழுத்துக்கொண்டு 50 டிகிரி காட்டலாம். சிப்புக்கு எத்தனை டிகிரி என்பது சிப்பின் கவலை. இன்டெல் சிப்புகள் 100 டிகிரியை ஒட்டி வரும்போது தாமே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும்படி செய்யப்பட்டவை. அறையில் இருக்கும் உங்களுக்கு முக்கியம், சுவர் பிளக்கிலிருந்து எத்தனை வாட் போகிறது என்பது ஒன்றுதான்.

அந்த வாட்டை நீங்களே அளக்கலாம். பிளக்கில் செருகும் வாட் மீட்டர் ஆன்லைனில் கிடைக்கிறது; ஒன்று வாங்கி வைத்தால் பிரிட்ஜ் முதல் மோட்டார் வரை அளக்க உதவும். அதுகூட வேண்டாம் என்றால் ஈபி மீட்டரே போதும். மின்னணு மீட்டரின் முகப்பில் ஒரு சிவப்பு விளக்கு விட்டுவிட்டு மின்னும். ஒரு யூனிட்டுக்கு எத்தனை முறை மின்னும் என்பதும் அங்கேயே எழுதியிருக்கும். 3200 என்பது பரவலாகக் காணப்படும் எண். வீட்டில் எல்லாவற்றையும் அணைத்துவிட்டு, கணினியும் மானிட்டரும் மட்டும் ஓடும்போது, ஒரு மின்னலிலிருந்து அடுத்த மின்னல் வரை எத்தனை நொடி என்று பாருங்கள். 3200 மீட்டரில் 1125-ஐ அந்த நொடியால் வகுத்தால் வாட் வந்துவிடும். பன்னிரண்டரை நொடி என்றால் 90 வாட். பத்து இடைவெளிகளை எண்ணிச் சராசரி எடுத்தால் இன்னும் துல்லியம். வேர்டு திறந்து சும்மா வைத்திருக்கும்போது ஒரு தடவை, போட்டோஷாப்பில் பெரிய படத்தைச் சேமிக்கும்போது ஒரு தடவை அளந்து பாருங்கள்.

முதல் எண்ணைத்தான் நான் பெரிதாக மதிப்பேன். டிடிபி செய்கிறவரின் கணினி பெரும்பாலான நேரம் சும்மாதான் இருக்கிறது. நீங்கள் தட்டச்சு செய்யும்போதும், விண்ணப்பதாரரிடம் பிறந்த தேதி கேட்கும்போதும், சர்வர் பதில் சொல்லக் காத்திருக்கும்போதும் புராசஸருக்கு வேலையே இல்லை. அந்த நேரத்தில் எவ்வளவு இழுக்கிறது என்பதுதான் அறையின் சூட்டையும் கரண்ட் பில்லையும் முடிவு செய்கிறது. உங்களுடையது போன்ற டவர், மானிட்டரையும் சேர்த்தால், சும்மா இருக்கும்போதே 90, 100 வாட்டை நெருங்கும் என்பது என் மதிப்பீடு. அளந்தால் சரியாகத் தெரிந்துவிடும்.

இப்போது புராசஸர் பெட்டியில் போட்டிருக்கும் வாட் எண்ணுக்கு வருவோம். ‘இது 65 வாட் சார், அது 35 வாட் சார்’ என்று கடையில் சொல்வார்கள். அது சும்மா இருக்கும்போது இழுக்கும் அளவும் இல்லை, உச்சத்தில் இழுக்கும் அளவும் இல்லை. நீண்ட நேரம் அடிப்படை வேகத்தில் முழு வேலை செய்யும்போது வெளியேற்ற வேண்டிய வெப்பத்தின் அளவு அது. ஐ5-12400-க்கு இன்டெல் சொல்வது 65 வாட். ஆனால் டர்போவில், அதாவது தேவைப்படும்போது வேகத்தைக் கூட்டிக்கொள்ளும் நிலையில், 117 வாட் வரை போகலாம் என்றும் இன்டெல்லே சொல்கிறது. சில மதர்போர்டுகள் அந்த டர்போ நிலையை நேர வரம்பில்லாமல் விட்டுவிடுகின்றன.

ஐ5-8500டி போன்ற ‘டி’ எழுத்துப் புராசஸர்கள் 35 வாட். இதிலும் ஒரு நுணுக்கம் உண்டு. சும்மா இருக்கும்போது 8500-க்கும் 8500டி-க்கும் பெரிய வித்தியாசம் கிடையாது. ‘டி’ செய்வது உச்சத்துக்கு ஒரு கூரை போடுவது. அதனால் சூட்டை இழுக்கும் உலோகக் கட்டி (ஹீட்சிங்க்) சின்னதாக இருந்தால் போதும், சின்ன ஃபேன் போதும், 65 வாட் அடாப்டர் போதும். சும்மா இருக்கும்போது இந்தப் பெட்டிகள் குறைவாக இழுப்பதற்குக் காரணம், சுற்றியிருக்கும் மற்ற சரக்கு: தனி கிராபிக்ஸ் கார்டு இல்லை, சுழலும் ஹார்ட் டிஸ்க் இல்லை, மதர்போர்டில் தேவையற்ற சில்லுகள் இல்லை, பெரிய எஸ்எம்பிஎஸ் இல்லை.

எஸ்எம்பிஎஸ் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். கரண்டை அதிகம் வீணாக்காது என்பதற்கான 80 பிளஸ் முத்திரை போட்ட எஸ்எம்பிஎஸ்ஸைச் சோதிப்பது அதன் திறனில் 20, 50, 100 சதவீதச் சுமைகளில். டைட்டானியம் என்ற உயர் ரகத்துக்கு 10 சதவீதத்திலும் சோதனை உண்டு. 550 வாட் எஸ்எம்பிஎஸ்ஸில் 25 வாட் சுமை என்பது 5 சதவீதத்துக்கும் கீழே. அந்த இடத்தில் முத்திரை எதற்கும் உத்தரவாதம் தருவதில்லை. வாங்கும் கரண்டில் கணிசமான பங்கு எஸ்எம்பிஎஸ்ஸிலேயே சூடாகப் போய்விடும். முத்திரையே இல்லாத மலிவு ரகமாக இருந்தால் நிலைமை இன்னும் மோசம். சின்னப் பெட்டியின் 65 வாட் அடாப்டருக்கு அதே சுமை மூன்றில் ஒரு பங்குக்கும் மேல், அதனால் விரயம் குறைவு.

நடைமுறையில், 8500டி வகைப் பெட்டி சும்மா இருக்கும்போது பிளக்கில் 10 வாட் அளவுக்கு இழுக்கும். முழு வேலையில் 50, 60 வாட் வரை போகும், அதுவும் கொஞ்ச நேரத்துக்குத்தான். கடைக்காரர் சொன்ன ஐ5-12400 டவரும், கிராபிக்ஸ் கார்டு போடாமல் நல்ல எஸ்எம்பிஎஸ் வைத்தால், சும்மா இருக்கும்போது 25, 30 வாட்டில் நிற்கும். அவர் தவறாக எதையும் சொல்லிவிடவில்லை. உங்கள் இப்போதைய டவரோடு பார்த்தால் அதுவே நல்ல முன்னேற்றம். டவருக்கு ஒரு பெரிய பலமும் இருக்கிறது: எஸ்எம்பிஎஸ் போனால் வேலூரிலேயே அன்று மாலைக்குள் மாற்றிவிடலாம். அதற்குத்தான் உங்கள் மனம் சாய்கிறது என்றால் நான் தடுக்க மாட்டேன். ஒரே வேண்டுகோள்: 550 வாட் வேண்டாம். உங்களுக்குத் தேவையான எஸ்எம்பிஎஸ் 300, 400 வாட்டுக்குள், பேர் தெரிந்த நிறுவனத்துடையதாக இருக்கட்டும். பழைய கிராபிக்ஸ் கார்டைப் புதுப் பெட்டிக்கு மாற்றச் சொல்லாதீர்கள். பேஜ்மேக்கர், கோரல்டிரா, போட்டோஷாப் வேலைக்கு புராசஸருக்குள்ளேயே இருக்கும் கிராபிக்ஸ் தாராளம். ஆனால் 12400எஃப் என்று ‘எஃப்’ எழுத்தோடு தந்தால் வாங்காதீர்கள்; அதில் உள்ளே கிராபிக்ஸ் கிடையாது, தனி கார்டு போட்டே ஆக வேண்டும்.

இன்டெல் என்100 போட்ட மினி பிசிக்களைப் பற்றியும் நீங்கள் கேள்விப்பட்டிருப்பீர்கள். 2023-ல் வந்த, நான்கு கோர்கள் கொண்ட, 6 வாட் வகைச் சிப். அடுத்து வந்த என்150-யும் அதே குடும்பம்தான், வேகம் கொஞ்சம் கூட. இவை பிளக்கில் பத்து வாட்டுக்குள்ளேயே சும்மா இருக்கும். முழு வேலையிலும் 25 வாட்டை ஒட்டித்தான் நிற்கும். மொத்த வேகத்தில் உங்கள் ஐ5-3470-ஐவிடச் சற்று மேல் என்றே சொல்லலாம். வெறும் விண்ணப்பம், தட்டச்சு, பில் போடுவது என்றால் நான் தயங்காமல் இதையே சொல்வேன். உங்களுக்கு ஏன் இரண்டாம் இடத்தில் வைக்கிறேன் என்றால், ராமுக்கு ஒரே சேனல், அதாவது தரவு போய்வர ஒரே பாதை. பெரும்பாலும் ஒரே ஸ்லாட். சில மாடல்களில் ராமையே போர்டில் ஒட்டிவிடுகிறார்கள், பின்னால் கூட்ட முடியாது. ஃபிளெக்ஸ் அளவுக்குப் பெரிய படங்களைத் திறக்கும்போது ஆறு கோரும் இரண்டு ராம் ஸ்லாட்டும் உள்ள பெட்டி கைகொடுக்கும். இன்னொன்று, அதிகம் கேள்விப்படாத பெயரில் வரும் மினி பிசியில் போர்டு போனால் மாற்றுப் போர்டு தேடி அலைய வேண்டும். டெல், ஹெச்பி, லெனோவோ அலுவலகப் பெட்டிகளுக்கு ஃபேன் முதல் போர்டு வரை செகண்ட் ஹேண்ட் சந்தையில், சென்னை ரிச்சி தெரு போன்ற இடங்களில், உதிரி தேட வாய்ப்பு அதிகம். இரண்டாவது கணினி ஒன்று போடும் எண்ணம் இருந்தால் அதற்கு என்100 பொருத்தம்.

கரண்ட் சிக்கனத்தில் எல்லாரையும் முந்துவது ஆப்பிளின் மேக் மினி. 2024 கடைசியில் வந்த எம்4 மாடல் சும்மா இருக்கும்போது 4 வாட் என்று ஆப்பிளே சொல்கிறது. வேகமோ நாம் பேசிய எல்லாவற்றையும்விட மேல். வீடியோ எடிட்டிங் செய்கிற ஒருவர் கேட்டிருந்தால் அதை முதலில் சொல்லியிருப்பேன். உங்களுக்கு அது ஒத்துவராது. நீங்கள் பயன்படுத்தும் பேஜ்மேக்கரும், யூனிகோடுக்கு முந்தைய தமிழ் எழுத்துருக்களுக்கான விசைப்பலகை மென்பொருளும், கைரேகைக் கருவியின் டிரைவரும் விண்டோஸுக்காக, இன்டெல், ஏஎம்டி வகைப் புராசஸருக்காக எழுதப்பட்டவை. ராஸ்பெரி பை 5-க்கும் இதே பதில்தான். ஸ்னாப்டிராகன் சிப் போட்ட விண்டோஸ் கணினிகளில் பழைய மென்பொருள் ஒருவேளை ஓடலாம்; டிரைவர்களில்தான் சிக்கிக்கொள்வீர்கள்.

ஃபேனே இல்லாத கணினிகள் என்று ஒரு வகை இருக்கிறது. சத்தம் இல்லை, தூசி இழுப்பதில்லை, ஆசையாகத்தான் இருக்கும். அறையே 38, 40 டிகிரியில் இருக்கும் ஊருக்கு நான் அதைச் சொல்ல மாட்டேன். உள்ளே இருக்கும் சிப்பும் எஸ்எஸ்டியும் எப்போதும் அறையின் சூட்டுக்கு மேல்தான் இருந்தாக வேண்டும். வெளிக்காற்றே கொதிக்கும்போது, காற்றைத் தள்ள ஒன்றுமில்லாத பெட்டி கைவைக்க முடியாத அளவுக்குப் போய்விடும். கண்ணுக்குத் தெரியாமல் மெதுவாகச் சுழலும் சின்ன ஃபேன் ஒன்று இருப்பது நல்லது.

நான் சொன்ன ஐ5-8500டி இன்டெல்லின் எட்டாம் தலைமுறைப் புராசஸர். அதற்குக் கீழே ஏன் போக வேண்டாம் என்கிறேன் என்றால், விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்துவிட்டது. விண்டோஸ் 11 இன்டெல்லில் எட்டாம் தலைமுறையிலிருந்து மேலேதான், டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சிப்போடு, முறைப்படி ஏற்றுக்கொள்ளும். ஊராரின் ஆதார் எண்ணும் வங்கி விவரமும் உங்கள் கணினி வழியாகப் போகின்றன. பாதுகாப்புத் திருத்தங்கள் வராத விண்டோஸில் அந்த வேலையைத் தொடரக் கூடாது. சந்தையில் ஐ5-6500டி பெட்டிகள் மலிவாகக் கிடைக்கும், அவற்றை விட்டுவிடுங்கள். வீடியோ விஷயமும் ஒன்று உண்டு. யூடியூப் பரவலாக அனுப்பும் விபி9 வகை வீடியோவைப் பிரிக்கத் தனிச் சுற்று உங்கள் 3470-இல் கிடையாது, முழுப் பாரமும் புராசஸர் கோர்கள்மீது விழுகிறது. பாட்டு ஓடவிட்டாலே ஃபேன் இரைவது அதனால்தான். எட்டாம் தலைமுறையில் விபி9-க்குத் தனிச் சுற்று உண்டு. அடுத்த வகையான ஏவி1-க்கு அதில் இல்லை, என்100-இல் இருக்கிறது.

பணக் கணக்கையும் மறைக்காமல் சொல்கிறேன். 100 வாட் இழுப்பது புது மானிட்டரையும் சேர்த்து 30 வாட் ஆகிறது என்று வையுங்கள். தினம் 10 மணி நேரம், இரண்டு மாதத்தில் 52 வேலைநாள் என்றால் 52 யூனிட் 16 யூனிட்டாகக் குறையும். மிச்சம் 36 யூனிட். யூனிட்டுக்கு 6 ரூபாய் என்றாலும் வருடத்துக்கு 1,300 ரூபாய்தான். வீட்டு இணைப்பில் இரண்டு மாதத்துக்கு 500 யூனிட் என்ற கோட்டை ஒட்டி இருப்பவர்களுக்கு இந்த 36 யூனிட் கட்டணப் படியையே மாற்றி இன்னும் மிச்சப்படுத்தலாம். ஆனாலும் கரண்ட் பில் மிச்சத்தைக் கொண்டே கணினி விலையை எடுத்துவிடலாம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். தினம் ஒரு மணி நேரம் மட்டும் கணினி தொடுகிறவர் கேட்டிருந்தால், வாங்கவே வேண்டாம் என்றுதான் சொல்லியிருப்பேன். நீங்கள் மாற்ற வேண்டிய காரணங்கள் வேறு: காலடிச் சூடு, விண்டோஸ், கரண்ட் போகும் நேரம்.

அந்தக் கடைசிக் காரணத்தில்தான் உங்களுக்குக் கிடைக்கப்போகும் லாபம் பெரியது. சாதாரண 600 விஏ யுபிஎஸ்ஸுக்குள் இருப்பது 12 வோல்ட், 7 ஆம்பியர்-மணி பேட்டரி. காகிதக் கணக்கில் 84 வாட்-மணி. ஈய-அமில பேட்டரியிலிருந்து வேகமாக உறிஞ்சினால் முழு அளவும் கிடைக்காது. 100 வாட் சுமையில் பாதி கிடைத்தாலே அதிகம். 30 வாட்டாக மெதுவாக உறிஞ்சும்போது அதே பேட்டரி கூடுதலாகவும் தரும், நீண்ட நேரமும் வரும். பேட்டரி புதியதாக இருந்தால் முக்கால் மணி, ஒரு மணி நேரத்தை எதிர்பார்க்கலாம். விண்ணப்பத்தின் பாதியில் ஓடிபி வந்து நிற்கும்போது கரண்ட் போனாலும் பதற்றமில்லாமல் முடித்துக்கொள்ளலாம். ஒரு எச்சரிக்கை: சில யுபிஎஸ்கள் சுமை மிகக் குறைவாக இருந்தால் யாருமே பயன்படுத்தவில்லை என்று எண்ணி, பேட்டரியில் ஓடும்போது தாமே அணைந்துவிடும். வாங்கியதும் ஒரு முறை பிளக்கைப் பிடுங்கிச் சோதித்துவிடுங்கள். லேசர் பிரிண்டரை யுபிஎஸ்ஸில் மாட்டவே கூடாது. அச்சடிக்கும்போது அது பல நூறு வாட் இழுக்கும்; அறைக்குச் சூடு சேர்ப்பதில் அதற்கும் பங்குண்டு. அச்சடிக்காதபோது சுவிட்சை அணைத்து வையுங்கள்.

மானிட்டரையும் மாற்றுங்கள். பழைய 19 அங்குல எல்சிடிக்குள் குழல் விளக்கு இருக்கும், 35 வாட் அளவுக்கு இழுக்கும். இன்றைய 22 அங்குல எல்இடி 20 வாட்டை ஒட்டி, படமும் பெரிது. வெளிச்சத்தை 100-லிருந்து 60, 70-க்கு இறக்கினால் இன்னும் குறையும், கண்ணுக்கும் இதம்.

ஆனால் உள்ளதைச் சொல்ல வேண்டும். 70 வாட் குறைந்தால் காலடியிலும் மேசையைச் சுற்றியும் நன்றாகவே தெரியும். மொட்டை மாடி இறக்கும் வெக்கை அதைவிடப் பல மடங்கு. மாடித் தளத்தில் வெள்ளைச் சுண்ணாம்போ வெயிலைத் திருப்பும் வெள்ளைப் பெயிண்டோ அடிப்பதையும் இதே கோடைக்குள் செய்துவிடுங்கள்.

பழைய சரக்கு வாங்கும்போது பார்க்க வேண்டியவை சில. 2025 கடைசியிலிருந்து ராம் விலை ஏறிக்கிடக்கிறது. அதனால் 8 ஜிபி பெட்டியை வாங்கிப் பின்னால் கூட்டலாம் என்று நினைக்காமல், 16 ஜிபியோடு வருவதையே கேளுங்கள், அதுவும் இரண்டு 8 ஜிபியாக. அடாப்டர் அந்த நிறுவனத்துடையதா என்று பாருங்கள். டெல் பெட்டிகள் அடையாளம் தெரியாத அடாப்டரைக் கண்டால் வேகத்தைக் குறைத்துக்கொள்ளும், அப்புறம் ‘கணினி ஸ்லோ’ என்று விண்டோஸைத் திரும்பத் திரும்பப் போடுவீர்கள். கடையிலேயே பயோஸுக்குள் (விண்டோஸ் தொடங்கும் முன் வரும் அமைப்புத் திரை) போய்ப் பாருங்கள்; முந்தைய அலுவலகத்தின் கடவுச்சொல் கேட்டால் அந்தப் பெட்டி வேண்டாம். பின்பக்கம் பெரும்பாலும் டிஸ்பிளேபோர்ட் வாய்தான் இருக்கும், ஹெச்டிஎம்ஐ இல்லாமலும் இருக்கலாம், பொருத்தமான கேபிளைச் சேர்த்து வாங்குங்கள். எஸ்எஸ்டி மட்டும் புதிதாக இருக்கட்டும். கைரேகைக் கருவியைக் கையோடு எடுத்துப்போய் அங்கேயே மாட்டிப் பார்க்க முடிந்தால் மிகவும் நல்லது.

வீட்டுக்கு வந்ததும் புராசஸர் மேல் காய்ந்துபோன, சூடு கடத்தும் பேஸ்டைத் துடைத்துப் புதிது தடவச் சொல்லுங்கள். பெட்டியைத் தரையில் வைக்காதீர்கள். ஃபேனின் காற்று வாயை அடைக்காமல் மேசைமேல் வையுங்கள். மானிட்டருக்குப் பின்னால் மாட்டினால் மானிட்டரின் சூட்டையும் அது வாங்கிக்கொள்ளும். நம் ஊரில் எறும்பும் பல்லியும் கதகதப்பான பெட்டிக்குள் குடிபோகும், இரவில் பிளக்கை அணைத்துவிடுங்கள். மே மாதத்தில் ஃபேன் சத்தம் தொந்தரவாக இருந்தால், விண்டோஸின் பவர் அமைப்பில் புராசஸரின் அதிகபட்ச நிலையை 100-லிருந்து 99 சதவீதமாக மாற்றிப் பாருங்கள். டர்போ நின்றுவிடும், உச்சச் சூடு சட்டென்று இறங்கும். தட்டச்சு வேலையில் வித்தியாசமே தெரியாது. பெரிய படம் வரும் நாளில் மறுபடி 100-க்கு ஏற்றிக்கொள்ளலாம். பழைய டவரின் ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றி யுஎஸ்பி உறையில் போட்டு, பழைய ஃபைல்களின் காப்பு நகலாக வைத்துக்கொள்ளுங்கள். டவரை யாருக்காவது கொடுப்பதாக இருந்தால் டிஸ்க் இல்லாமல் கொடுங்கள், அதில் வாடிக்கையாளர்களின் விவரங்கள் இருக்கின்றன.